முழங்கால் அறுவைக்குப் பின் கால் அமைதியின்மையும் உறக்கக் குறைவும்

நெசவாளர்க்கும் உழவர்க்கும் முழங்காலே முதற் கருவி எனக் கூறுவது மிகையாகாது. குழித்தறியில் அமர்ந்து மிதிகளை மாற்றி மாற்றி மிதிப்பவர்க்கும், வயலில் குனிந்தும் குந்தியும் களை எடுப்பவர்க்கும் அம்மூட்டு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓய்வின்றி உழைக்கின்றது. தேய்ந்த மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தும் சிகிச்சை ஒரு காலத்தில் பெருநகரச் செல்வர்க்கே எட்டுவதாயிருந்தது. இன்று அது சிறு நகரங்களிலும் நடைபெறுகின்றது. ஆகவே நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் இச்சிகிச்சை செய்துகொண்டோர் பெருகி வருகின்றனர்.

இவ்வாறு சிகிச்சை முடித்து வீடு திரும்பியோர் பலர், புண்ணின் வலியைக் காட்டிலும் இரவைப் பற்றியே முறையிடுவர். “பகலில் ஒருவாறு பொழுது போகிறது, படுத்தால் கால் சும்மா இருக்கவிடவில்லை” என்பர். வீட்டாரோ, “எல்லாம் மனப் பிரமை, கண்ணை மூடிப் படுங்கள்” என்று தேற்றுவர். இது மனப் பிரமையன்று. பெயரும் காரணமும் பரிகாரமும் உடைய ஒரு தொல்லை. அதை வலியென்று எண்ணி வலிக்கு மட்டும் மருந்துண்பதும், உறக்கமின்மை என்று எண்ணிக் கடையில் தூக்க மாத்திரை வாங்குவதும் பயன் தரா. சில வேளைகளில் தீங்கும் செய்யும். எனவே இதனை இன்னதென்று அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தொல்லையின் இயல்பு

அமைதியற்ற கால் என்னும் இத்தொல்லையை 1672-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து தேசத்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதிவைத்தார். சுவீடன் தேசத்து நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்சல் எக்போம் 1945-ஆம் ஆண்டில் இதனை விரிவாக ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். ஆகவே இவ்விருவர் பெயராலும் இது வழங்கப்படுகின்றது.

இத்தொல்லைக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. முதலாவது, காலை அசைத்தே தீரவேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல். அதனுடன் எறும்பு ஊர்வது போன்றும், உள்ளே இழுப்பது போன்றும், சொல்லில் அடங்காத ஒரு கூச்சம் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இரண்டாவது, உட்கார்ந்தாலும் படுத்தாலும் அது தோன்றும், அல்லது மிகும். மூன்றாவது, எழுந்து நடந்தாலும் காலை நீட்டி மடக்கினாலும் அப்போதே தணியும். நான்காவது, பகலைவிட மாலையிலும் இரவிலும் அதிகமாகும். இந்நான்கும் ஒருங்கே இருந்து, வேறு நோய் எதுவும் காரணமாக இல்லையெனின், அமைதியற்ற கால் என்று மருத்துவர் முடிவு செய்வர். பெண்களுக்கும் வயது முதிர்ந்தோர்க்கும் இது மிகுதி. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருவதுண்டு. சிறுநீரக நோய் உடையோர்க்கும் இது ஏற்படக்கூடும்.

பிறவற்றினின்றும் பிரித்தறிதல்

அறுவை செய்த காலில் பல தொல்லைகள் ஒரே காலத்தில் கலந்து தோன்றும். அவற்றைப் பிரித்தறியாவிடின் மருந்து வழி தவறும்.

புண்ணின் வலியும் மூட்டின் வலியும் அசைத்தால் பொதுவாக மிகும். கால் அமைதியின்மையோ அசைத்தால் தணியும். இவ்வொரு வேறுபாட்டை நினைவிற் கொண்டாலே பாதி ஐயம் தீரும். தசைப்பிடிப்பு வந்தால் கெண்டைக்கால் கல்லைப் போல் இறுகித் தாங்கொணா வலி உண்டாகும். சில நிமிஷங்களில் விட்டுவிடும். அமைதியற்ற காலில் தசை இறுகுவதில்லை. நீரிழிவினால் நரம்பு கெட்டவர்க்குப் பாதம் எரியும், மரத்துப் போகும். நடப்பதனால் அது நீங்குவதில்லை. மேலும், அறுவை ஒரு காலில் நடந்திருந்தாலும் அமைதியின்மை பெரும்பாலும் இரு கால்களிலும் தோன்றும். அறுவை செய்யாத காலும் இரவில் துடிக்கின்றதென்றால், அது புண்ணின் வலி அன்று என்பதற்கு அதுவும் ஓர் அடையாளமாகும்.

இவையனைத்தினும் முக்கியமான ஒன்று உண்டு. ஒரு காலின் கெண்டைப் பகுதி மட்டும் புதிதாக வீங்கி, சூடேறி, வலித்தால் உட்புற இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கண்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது நீர் கசிதல், மூட்டைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், பாதத்தை மேலே தூக்க இயலாமை ஆகியவையும் மறுநாளுக்கு ஒத்திவைக்கத் தக்கவை அல்ல.

அறுவைக்குப் பின் ஏன் தோன்றுகின்றது?

முன்பு சிறிதளவே இருந்த தொல்லை அறுவைக்குப் பின் பெரிதாவதும், இல்லாதவர்க்குப் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. தண்டுவடத்தில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறைக்குப் பின் சிலருக்குச் சில நாட்கள் இது தோன்றி மறைவதும் உண்டு. நீடித்து வருத்துவதற்கு முக்கியக் காரணங்கள் மூன்று: ஓய்வு, மருந்து, இரும்புச் சத்துக் குறைவு.

ஓய்வு என்பதைப் புரிந்துகொள்வது எளிது. இத்தொல்லை அசையாத காலையே பற்றும். அறுவையான நோயாளியோ நாளின் பெரும் பகுதியைப் படுக்கையிலும் நாற்காலியிலும் கழிக்கிறார். எழுந்து நடந்தால் தணியும் என்று உடல் கூறினாலும், நினைத்தவுடன் எழுந்து நடக்க அவரால் இயலவில்லை.

இரண்டாவது மருந்து. வாந்தியை நிறுத்தக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின் ஆகியவை மூளையில் டோப்பமின் என்னும் பொருளின் வேலையைத் தடுப்பவை. அவை இத்தொல்லையைத் தூண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் போன்றவையும் தொல்லையை மிகுவிக்கும். இவை மயக்கம் தருவதனால், உறக்கம் வரும் என்றெண்ணி இவற்றையே வாங்கி உண்போர் பலர். கண் சொக்கும், கால் உறங்காது. முன்னைவிடத் துன்பம் பெருகும். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் முதலிய சில மருந்துகளும் இவ்வாறு செய்யக்கூடும். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த எதனையும் நாமாக நிறுத்தலாகாது. “என் கால் இரவில் இவ்வாறு துடிக்கின்றது, இந்த மருந்துகளில் எதுவேனும் காரணமா?” என்று கேட்பதே முறை. வாந்திக்கு ஆண்டான்செட்ரான் போன்று இத்தொல்லையைத் தூண்டாத மருந்துகளும் இருக்கின்றன.

இரும்புச் சத்தின் வரவு செலவு

மூன்றாவதான இரும்புச் சத்துக் குறைவே பலரும் கவனியாது விடுவது. மூளையில் டோப்பமின் உண்டாவதற்கு இரும்பு வேண்டும். மூளைக்கு இரும்பு போதாவிடின் கால் அமைதியிழக்கின்றது.

நம் சங்கத்து வரவு செலவுக் கணக்கை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் கைவசமுள்ள ரொக்கத்தைப் போன்றது. உடலில் சேமித்து வைத்துள்ள இரும்பு சேம நிதியைப் போன்றது. அச்சேமிப்பை அளந்து காட்டுவது ஃபெரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனை. ரொக்கம் சரியாக இருக்கையிலேயே சேம நிதி வற்றிப் போயிருக்கலாம். ஆகவே “ஹீமோகுளோபின் நன்றாயிருக்கிறது” என்பது மட்டும் போதுமான விடை ஆகாது.

அறுவையில் இரத்தம் சேதமாகின்றது. அரை லிட்டர் இரத்தம் போனால் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி கிராம் இரும்பு அதனுடன் போகின்றது. உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு ஏற்பதோ சாதாரணமாக 1 முதல் 2 மில்லி கிராமே. அதுவும் பெரும்பாலும் அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். குறைவு நேர்ந்தபோது குடல் சற்றுக் கூடுதலாக ஏற்குமெனினும், இழந்ததை உணவினால் மட்டும் ஈடுசெய்ய மாதக் கணக்காகும். முன்பே சேமிப்புக் குறைந்திருந்த பெண்மணிகளின் நிலை சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனைத் தாளைப் படிக்கையில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று: ஒரு மில்லி லிட்டருக்கு 30 அல்லது 40 நானோகிராம் ஃபெரிட்டின் இருந்தால் தாளில் ‘இயல்பு’ என்றே அச்சாகியிருக்கக் கூடும். ஆனால் அமைதியற்ற கால் உடையவர்க்கு அளவு 75 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்புச் சிகிச்சையை மருத்துவர் ஆலோசிப்பர். இரண்டு: அறுவைக்குப் பின் சில வாரங்கள் உடலில் அழற்சி இருக்கும். அக்காலத்தில் ஃபெரிட்டின் உள்ளதைவிட உயர்ந்து காட்டும். ஏட்டில் நிதி பெருகியதாகத் தோன்றினும் பெட்டியில் பணம் இல்லாதது போன்ற நிலை அது. ஆகவே டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்னும் மற்றொரு அளவையும் சேர்த்துப் பார்ப்பர். அது 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு இருப்பதாகக் கொள்வர். எல்லாவற்றிலும் சிறந்தது, அறுவைக்கு நாள் குறிக்கும்போதே இப்பரிசோதனையைச் செய்துகொள்வதாகும். முன்பே கால் அமைதியின்மை உள்ளவர்கள் அதனை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் அப்போதே தெரிவித்தல் வேண்டும். அதற்கென மருந்து உண்டு வருவோர் அதைத் திடீரென நிறுத்தலாகாது.

இரும்பு மாத்திரையைப் பரிசோதனையின்றி உண்பது தவறு. தேவையற்றவர்க்கு இரும்பு மிகுவதும் கேடே. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயுடன் உண்பது நலம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டால் குடல் நன்கு ஏற்கும் என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளதால், சில மருத்துவர் அவ்வாறு கூறுவர். தேநீரும் காப்பியும் இரும்பைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும். தறிமேடையிலும் வரப்பிலும் வேளைக்கு வேளை தேநீர் அருந்துவது நம் வழக்கம். மாத்திரைக்கும் உணவுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அதைத் தள்ளி வைக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் உடன் சேர்த்து உண்ணலாகாது. மலம் கறுப்பது இயல்பு. மலச்சிக்கல் ஏற்படின் மருத்துவரிடம் கூறலாம். மாத்திரை ஒவ்வாதவர்க்கும் விரைவில் ஈடு செய்யவேண்டியவர்க்கும் இரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்றும் முறை உண்டு. கீரையிலும் பயறு வகைகளிலும் இரும்பு உண்டெனினும் உடலில் சேரும் பங்கு குறைவு. மீனும் இறைச்சியும் உண்போர்க்கு அவற்றிலிருந்து எளிதில் சேரும்.

இரவில் செய்யத் தக்கவை

மாலையில் தேநீர், காப்பியைத் தவிர்த்தல் வேண்டும். புகையிலையும் மதுவும் தொல்லையை வளர்ப்பவை. வலி மாத்திரை உண்ணுங் காலத்தில் மது ஆபத்தும் ஆகும். வலி மருந்தை எந்த வேளையில் உண்டால் உறங்கும் நேரத்தில் பலனளிக்கும் என்று மருத்துவரிடம் கேட்டு, அவ்வேளை தவறாது உண்ண வேண்டும். வலி தணிந்தாலன்றி உறக்கம் கூடாது.

பயிற்சியாளர் கற்பித்த பயிற்சிகளைப் பகலிலேயே முடித்துவிட்டு, படுக்கைக்குச் செல்லுமுன் ஊன்றுசட்டம் பிடித்து வீட்டுக்குள் சிறிது நடக்கலாம். படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் அசைப்பது இரத்த ஓட்டத்துக்கும் நல்லது; உந்துதலையும் தணிக்கும். அறுவை செய்யாத காலுக்கு வெந்நீர் ஒத்தடம் சிலருக்குச் சுகமளிக்கும். அறுவை செய்த மூட்டுக்கு வெந்நீர் வேண்டா. தழும்பின் அருகில் தோல் மரத்திருப்பது வழக்கமாதலால், சுடுவது தெரியாமல் வெந்து போகும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம் வைக்கலாம். அறுவை செய்த காலை எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பதை மருத்துவர் அனுமதியின்றிச் செய்யலாகாது.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பது சுகமாகத் தோன்றும். அதனால் மூட்டு மடங்கியபடியே இறுகி, பின்னர் நேராக நீள மறுக்கும். ஒருக்களித்துப் படுக்க மருத்துவர் அனுமதித்தால் இரு முழங்கால்களுக்கும் இடையே தலையணை வைத்துக்கொள்ளலாம்.

மனம் ஒன்றிச் செய்யும் வேலை இத்தொல்லையை மறக்கச் செய்யும். மாலை வேளையில் பூத் தொடுத்தல், பயறு புடைத்தல், ஊடைக்குத் தார் சுற்றுதல், வாசித்தல் போன்ற எளிய வேலைகளில் ஈடுபடலாம். பகலில் நெடுநேரம் உறங்கினால் இரவு உறக்கம் கெடும். இரவு எவ்வளவு கெட்டிருந்தாலும் காலையில் குறித்த நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் அமர்வது நல்லது.

இரவில் எழுந்து நடக்க நேருமாதலால் வழியைச் சீர்செய்து வைப்பது வீட்டாரின் கடமை. பாயினும் கட்டிலே ஏற்றது. சிறு விளக்கொன்று எரிய வேண்டும். நூல் சிப்பம், சாக்கு மூட்டை, ஈரத் தரை, உயர்ந்த நிலைப்படி ஆகியவை இடறச் செய்வன. வீட்டினுள்ளே குழித்தறி இருந்தால் இரவில் அக்குழியைப் பலகையிட்டு மூடிவிட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஒரு முறை விழுந்தால், செய்த சிகிச்சை அனைத்தும் வீணாகும்.

மருந்துகள் பற்றி

இவற்றால் தணியாதவர்க்கு மருந்துகள் உண்டு. பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவை நெடுங்காலம் முதல் மருந்தாகத் தரப்பட்டன. முதலில் அவை நன்கு பலனளிக்கும். ஆனால் நாட்பட உண்டால் தொல்லை மாலைக்கு முன்பே தொடங்கி, கைகளுக்கும் பரவி, முன்னினும் கடுமையாகக் கூடும். ஆதலால் 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட நெறிமுறை, அவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாமென்றும், இரும்பு நிலையைப் பார்ப்பதுடன் காபாபென்டின், பிரெகாபலின் வகை மருந்துகளைக் கொள்ளலாமென்றும் கூறுகின்றது. இவ்வகை மருந்தும் தலைசுற்றல் தரும். கடுமையான வலி மாத்திரைகளுடன் சேர்ந்தால் மூச்சைத் தளர்த்தும். சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அளவைக் குறைக்க வேண்டும். எனவே அண்டை வீட்டார்க்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கி உண்பது பெருந் தவறு.

குடும்பமும் சங்கமும்

உறக்கம் கெட்டவர் பகலில் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுவார். பயிற்சி தவறினால், முதல் சில வாரங்களில் மடங்கப் பழக வேண்டிய மூட்டு இறுகும். இறுகிய மூட்டுடன் தறிக்கோ வயலுக்கோ திரும்புதல் அரிது. கடன் பட்டுச் செய்த சிகிச்சை இவ்வாறு பயனற்றுப் போவதற்குக் காரணம், பல வேளைகளில், இரவில் துடித்த காலைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கூறாததேயாகும். கேட்டாலன்றி மருத்துவர் அறியார். கூறினாலன்றிக் குடும்பத்தாரும் அறியார்.

ஆகவே ஒரு சிறு ஏட்டில் தினமும் நான்கு குறிப்புகள் எழுதி வருக: எந்த மருந்தை எத்தனை மணிக்கு உண்டது, கால் துடிப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை முறை எழுந்தது, நடந்தபின் தணிந்ததா இல்லையா. பத்து நாள் குறிப்பை மருத்துவரிடம் காட்டினால் காரணத்தை அவர் எளிதிற் காண்பார். பெரும்பாலோர்க்குப் புண் ஆற ஆற, நடை மீள மீள, சில மாதங்களில் உறக்கமும் மீளும் என்பதையும் நினைவிற் கொண்டு தைரியமாயிருக்க வேண்டும். நன்கு உறங்காத நாட்களில் விசைத்தறி, டிராக்டர் முதலியவற்றை இயக்குவது தகாது.

சங்கங்களும் இதில் உதவக்கூடும். ஊன்றுசட்டம், உயரமான கழிப்பிட நாற்காலி ஆகியவை சில மாதங்களுக்கே தேவைப்படுவன. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே வாங்குவதைவிட, சங்கம் ஒவ்வொன்றை வாங்கி முறைவைத்து வழங்கினால் செலவு மிச்சமாகும். ஒருவர் பயன்படுத்தியதை அடுத்தவர்க்கு வழங்குவது கூட்டுறவின் பாலபாடமன்றோ!

அங்கத்தினர் வகுப்பில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. அமைதியற்ற காலின் நான்கு அடையாளங்கள் யாவை? புண்ணின் வலியினின்றும் அதை எவ்வாறு பிரித்தறிவீர்?

2. ஹீமோகுளோபின் சரியாயிருப்பவர்க்கும் இரும்புச் சேமிப்புக் குறைந்திருக்கக்கூடும் என்பதை விளக்குக.

3. உறக்கத்திற்காகச் சளி மாத்திரை உண்பது ஏன் தகாது?

4. எந்த அடையாளங்கள் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

5. அறுவை முடிந்து திரும்பிய அங்கத்தினர்க்கு நம் சங்கம் எவ்வகைகளில் உதவலாம்?